விட்ட மீன் யார் கணக்கில்?

புரட்டாசி பிறந்துவிட்டால் நொச்சிக்குப்பத்தில் மீன் விலை இறங்கும். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் தி. நகரிலும் பல வீடுகளில் கவுச்சி ஏறாது. பெருமாள் மாசம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து வஞ்சிரம் வாங்குகிறவர்கள் அந்த ஒரு மாதம் லூப் ரோட்டுப் பக்கமே திரும்ப மாட்டார்கள். எதிரே பார்த்தால் சிரித்துக்கொண்டே "ஐப்பசி பொறக்கட்டும்மா" என்பார்கள்.

அதே வாரங்களில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இலையுதிர்காலம் தொடங்குகிறது. அங்குள்ள குளிர்ந்த ஆறுகளில் ட்ரவுட் என்ற மீனைத் தூண்டிலில் பிடிப்பவர்கள் வருஷம் முழுக்கக் காத்திருப்பது இந்த வாரங்களுக்காகத்தான். அவர்களில் மிகப் பலர் அந்த மீனைச் சாப்பிடுவதில்லை. பிடிப்பார்கள், கையில் ஏந்திப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள்.

ஆக, ஒரே மாதத்தில் இரண்டு கூட்டம் மீனை விடுகிறது. ஒரு கூட்டம் தின்னாமல் விடுகிறது, இன்னொன்று பிடித்துவிட்டுக் கொல்லாமல் விடுகிறது. இரண்டுக்கும் நடுவில் எங்க அம்மாவும் எங்க மாமாவும் இருக்கிறார்கள். மாமா பிடிக்கிறார், அம்மா ஆய்ந்து வெட்டி விற்கிறாள். கருணைக்கு ஒரு ஏணி உண்டென்றால் இவர்கள் இருவரும் அதன் கீழ்ப்படியில்கூட இல்லை, தரையில் நிற்கிறார்கள். ஊர் வழக்கத்தில் கணக்கு அப்படித்தான் போடப்படுகிறது. சின்ன வயசிலிருந்து இந்தக் கணக்கு எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அது சரிதானா என்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆற்றின் நிலவரம்

வேலை முடிந்து ராத்திரி வீட்டுக்கு வந்தால் தூக்கம் வருவதற்கு எனக்கு ஒரு மணிநேரம் ஆகும். அந்த நேரத்தில் நான் பார்ப்பது ட்ரவுட் பிடிக்கிற வீடியோக்கள். கடலுக்கு நூறடியில் வளர்ந்தவனுக்கு ஆறு என்றாலே கூவமும் அடையாறும்தான். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம் போல ஒரு ஆறு ஓடுவதைப் பார்ப்பதே முதலில் போதுமாக இருந்தது. பிறகு மெல்ல மெல்ல அதன் தொழில் பிடிபட ஆரம்பித்தது.

அவர்களுடைய தூண்டிலில் புழு கிடையாது. இறகு, முடி, நூல் இவற்றைக் கொக்கியில் சுற்றிச் சுற்றி ஒரு பூச்சியைப் போலக் கட்டுகிறார்கள். அதற்கு ஃப்ளை என்று பெயர். எடையே இல்லாத அந்தப் பொய்ப்பூச்சியைத் தூரத்தில் வீச முடியாது. அதனால் கனமான கயிற்றை வீசுகிறார்கள், பூச்சி அதன் பின்னால் போகிறது. தண்ணீரில் அது நிஜப் பூச்சி விழுந்ததுபோல மெதுவாக உட்கார வேண்டும். மிகப் பழைய வித்தை இது. சுமார் 1,800 வருஷங்களுக்கு முன்னால் ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவில் ஒரு ஆற்றில் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் கட்டிய கொக்கியால் மீன் பிடிப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். எங்க கடலிலும் பளபளப்பான நூலைக் கொக்கிகளில் கட்டி, இரையே இல்லாமல் மீனை ஏமாற்றுவது உண்டு. ஏமாற்றாமல் மீன் பிடித்தவர் உலகத்தில் கிடையாது.

முன் இலையுதிர்காலத்தில் ஆறு எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குப் பெரிய பேச்சு. கோடை முழுக்க வற்றிப்போய்த் தண்ணீர் குறைவாக, கண்ணாடி மாதிரி தெளிந்து கிடக்கும். தெளிந்த தண்ணீரில் மீனுக்கு ஆள் தெரியும், நிழல் தெரியும், நரம்பு தெரியும். ஆகவே நரம்பு மெல்லியதாக வேண்டும், பூச்சி சிறியதாக வேண்டும், குனிந்து நடக்க வேண்டும். கோடையில் விடியற்காலையில் ஓடியவர்கள் இப்போது நிதானமாக டீ குடித்துவிட்டுப் பத்து மணிக்கு மேல்தான் ஆற்றுக்குப் போகிறார்கள். இரவின் குளிரில் உறைந்த தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாகிற மதியத்தில்தான் பூச்சிகள் கிளம்பும். மேகம் மூடிய நாளில் ஆற்றின் அடியிலிருந்து சின்னஞ்சிறு பூச்சிகள் மழை முடிந்த ஈசல்போல எழுந்து வரும். கரையிலிருந்து வெட்டுக்கிளியும் சிறகு முளைத்த எறும்பும் தண்ணீரில் விழும். பனிக்காலம் வருவது தெரிந்து மீன் வாரிவாரித் தின்னும். பிடிப்பவனுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை.

மாமாவுக்கும் புரட்டாசி ஒரு திருப்பம்தான். கச்சான் காற்று தளரும். மாசக்கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே ஓடிக்கொண்டிருந்த கடல்நீர் மந்தமாகி, ஐப்பசியில் திரும்பி வடக்கிலிருந்து தெற்கே இழுக்க ஆரம்பிக்கும். அப்போது எந்தத் திசையில் வலை விட்டால் சுருண்டுபோகாமல் நிற்கும் என்று பார்க்க வேண்டும். முகத்துவாரத்தில் மழைத்தண்ணீர் கலங்கி வந்தால் இறால் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். "தண்ணி தெளிஞ்சி கீதுன்னா வலை மீனுக்குத் தெரியும்டா, கலங்கலாதான் இருக்கணும்" என்பார். வீடியோவில் மொன்டானாக்காரர் சொன்னதும் இதேதான். அவர் பாஷை வேற, தண்ணீர் ஒண்ணு.

மாமாவின் கேள்வி

ஒரு நாள் என் தோளுக்குப் பின்னால் நின்று மாமாவும் வீடியோ பார்த்தார். ஒருவர் இருபது நிமிஷம் தவமாக நின்று, வீசி, ஒரு மீனை இழுத்து, முழங்கால் தண்ணீரில் மண்டியிட்டு, கையை நனைத்துக்கொண்டு அதைத் தொட்டார். பொன்னிற வயிறு, சிவப்புப் புள்ளிகள். கொக்கியைக் கழற்றினார். தண்ணீருக்குள்ளேயே பிடித்திருந்தார். மீன் வாலை ஆட்டிப் போய்விட்டது.

மாமா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார். "புடிச்சான். அப்பறம் வுட்டுட்டான். அப்ப எதுக்குடா புடிச்சான்?"

எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். லீ உல்ஃப் என்ற அமெரிக்கத் தூண்டில்காரர் 1930-களிலேயே சொன்ன வாதம் அது: நல்ல மீன் ஒரே ஒரு தடவை மட்டும் பிடிக்கப்படுவதற்கு இல்லை, அதன் மதிப்பு அதைவிடப் பெரிது. எல்லோரும் பிடித்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு போனால் ஆறு காலியாகிவிடும். விட்டால் நாளைக்கும் மீன் இருக்கும்.

"நாளைக்கும் அதையே புடிப்பானா?" என்றார் மாமா. "பாவம்டா அந்த மீனு."

"வயித்துக்குப் புடிக்கிறது ஒண்ணு, வெளையாட்டுக்குப் புடிக்கிறது ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் படுக்கப் போய்விட்டார். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

மீனுக்கு வலிக்குமா என்பது பழைய கேள்வி. அதற்கு 2003-ல் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. லின் ஸ்னெடனும் அவருடைய சகாக்களும் வானவில் ட்ரவுட்டின் உதட்டில் தேனீ விஷத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். அந்த மீன்கள் அடியில் உட்கார்ந்து பக்கவாட்டில் ஆடின. அமிலம் ஏற்றப்பட்டவை உதட்டைக் கூழாங்கல்லில் போய்த் தேய்த்தன. மற்ற மீன்களைவிட வெகுநேரம் இரை எடுக்காமல் கிடந்தன. தலையில் வலியை உணரும் நரம்புமுனைகள் இருப்பதையும் அவர்கள் காட்டினார்கள். இதை ஏற்காதவர்களும் உண்டு. வலி என்ற அனுபவத்துக்கு நமக்கு இருப்பதுபோல மூளைப் புறணி வேண்டும், மீனுக்கு அது இல்லை என்பது அவர்கள் வாதம். விவாதம் முடியவில்லை. ஆனால் உதட்டைக் கல்லில் தேய்க்கிற ஒரு ஜீவனைப் பார்த்து "அதற்கு ஒன்றுமில்லை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விடுவது பற்றியும் ஒரு கணக்கு இருக்கிறது. 1992-ல் கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இருவர் வானவில் ட்ரவுட்டைக் களைக்கக் களைக்க விரட்டிவிட்டு, சிலவற்றைத் தண்ணீரிலேயே விட்டார்கள், சிலவற்றை 30 நொடியும் சிலவற்றை 60 நொடியும் வெளியே வைத்திருந்தார்கள். 12 மணிநேரத்துக்குள் முதல் வகையில் நூற்றுக்கு 12, இரண்டாவதில் 38, மூன்றாவதில் 72 செத்துப்போயின. 60 நொடி என்பது போனை எடுத்து, கோணம் பார்த்து, சிரித்து, இன்னொரு தடவை எடுக்கிற நேரம். அதற்குப் பிறகு மீன் நீந்திப் போவதை வீடியோவில் பார்க்கலாம். சாயங்காலம் அது வயிறு மேலே மிதப்பதை யாரும் படம் எடுப்பதில்லை.

ஜெர்மனியில் தக்க காரணமில்லாமல் ஒரு விலங்குக்கு வலி உண்டாக்குவது குற்றம். விடுவதற்கென்றே மீன் பிடிப்பது இந்தச் சட்டத்துக்கு எதிரானது என்றுதான் அங்கே பொதுவாகப் பொருள்கொள்ளப்படுகிறது. சுவிட்சர்லாந்தின் 2008 விலங்குப் பாதுகாப்பு விதிகளும் அதைத் தடுக்கின்றன. தின்னப் பிடிக்கிறாயா, பிடி. விளையாடப் பிடிக்காதே. மாமாவின் கட்சி ஐரோப்பாவில் சட்டமாகவே இருக்கிறது.

ஆனால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் தூண்டில்காரர்களுக்கு நியாயம் செய்ததாகாது. அவர்களில் அக்கறையுள்ளவர்கள் பையில் ஒரு வெப்பமானி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் தூண்டிலை மடக்கிவிடுகிறார்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, களைத்த மீன் அதில் தேறாது. மொன்டானாவில் ஆறு சூடாகிற கோடை நாட்களில் மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவுவரை மீன் பிடிக்க அரசே தடை போடுகிறது. இலையுதிர்காலம் ஆழமாக ஆழமாக, பிரவுன் ட்ரவுட் சரளைக்கல்லை வாலால் விலக்கிக் குழி பறித்து முட்டையிடும். அடியில் வெளுப்பாகத் தெரியும் அந்தக் குழியின்மேல் கால் வைக்காதே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். பிரிட்டனில் பல ஆறுகளில் செப்டம்பர் கடைசியோடு பிரவுன் ட்ரவுட் பருவம் முடிந்துவிடும். மீன் நன்றாகக் கடிக்கிற நேரத்தில், கடிக்கிறது என்று தெரிந்தே கம்பைச் சுருட்டி வைக்கிறார்கள்.

எனக்கு அவர்கள் விடுகிற மீனைவிட, போகாமல் விடுகிற நாள்தான் பெரிதாகப் படுகிறது. பிடித்தபின் விடுவதில் விளையாட்டும் கலந்திருக்கிறது. வெப்பமானியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவன் அன்றைக்கு விளையாட்டையே விட்டுக்கொடுக்கிறான்.

ட்ரவுட் நமக்கு அந்நியமும் இல்லை. நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் 1860-களிலிருந்தே இந்த மீனைக் கொண்டுவரப் பார்த்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் வானவில் ட்ரவுட்டை அங்கே நிலைக்கச் செய்தார், அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது. யாருக்கும் பசி என்பதால் வந்த மீன் இல்லை அது. ஊரைவிட்டு வந்த துரைமார்களுக்கு ஊர் ஞாபகம், கையில் கம்பு, காலடியில் குளிர்ந்த ஓடை. பிடித்து விளையாடுவதற்கென்றே கடல் தாண்டிக் கொண்டுவந்து ஒரு உயிரை ஓடையில் விட்டார்கள். பிடித்தபின் விடுவதற்கு வெகு முன்பே, பிடிப்பதற்காக விடுவது நடந்திருக்கிறது.

தங்கமீனை விட்டவர்

தமிழில் மீனைப் பிடித்துத் திரும்ப விட்ட பெரிய ஆள் ஒருவர் இருக்கிறார். பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவில் பல்லக்கில் வருகிற நாயன்மார்களில் அவரும் உண்டு: அதிபத்தர். நாகப்பட்டினத்து நுளைப்பாடியின் பரதவர் தலைவர். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் அவர் கதை வருகிறது. சின்ன வயசில் அறுபத்துமூவர் பார்க்க எங்களைத் தோளில் தூக்கிப்போகும் மாமா, கூட்டத்தில் "நம்மாளு வராரு பாரு" என்று காட்டுவார். எந்தச் சிலை அவர் என்று மாமாவுக்கு நிச்சயமாகத் தெரியுமா என்பது வேறு விஷயம்.

அதிபத்தர் தினமும் வலையில் வரும் மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுவார். ஒரு காலம் வந்தது, ஒரு நாளைக்கு ஒரே ஒரு மீன்தான் வலையில் விழுந்தது. அதையும் விட்டார். அடுத்த நாளும் ஒன்று, அதையும் விட்டார். செல்வம் போயிற்று, பசி வந்தது. கடைசியில் ஒரு நாள் உலகத்தின் விலையே தகும் என்னும்படியான தங்கமீன் ஒன்று வந்தது. அதையும் விட்டார். சிவன் வந்தார்.

இந்தக் கதையை யோசிக்க யோசிக்க மூன்று விஷயங்கள் தோன்றுகின்றன. முதலாவது, அவர் விட்டது மீனுக்காக இல்லை, கடவுளுக்காக. மீன் பிழைத்ததா என்பது கதையின் கவலை இல்லை. இரண்டாவது, அவர் விட்டதன் விலையை அவரே கொடுத்தார். தூண்டில்காரர் மீனை விட்டால் ராத்திரி வீட்டில் சாப்பாடு குறையாது. அதிபத்தர் விட்டால் உலை ஏறாது. அதனால்தான் அது தியாகம்.

மூன்றாவதுதான் என்னை நிம்மதியாக விடவில்லை. பசி அவருக்கு மட்டும் வரவில்லை, சுற்றத்தாருக்கும் வந்தது. அந்த வீட்டில் ஒரு அம்மா இருந்திருப்பாள். ஒரே மீனோடு கரை ஏறி, அதையும் விட்டுவிட்டேன் என்று வந்து நின்ற மனுஷனை அவள் எப்படிப் பார்த்திருப்பாள்? நாயன்மார் வரிசையில் அவளுக்குப் பல்லக்கு இல்லை. விலையில் பாதி அவள் கொடுத்தது.

இங்கே எனக்கு ஒரு கேள்வி கிடைத்தது, அல்லது மாமாவின் கேள்வியே இன்னொரு உருவத்தில் கிடைத்தது. ஒருவர் ஒரு மீனை விடுகிறார் என்றால் அது யார் கணக்கில் எழுதப்படுகிறது? தூண்டில்காரரின் விளையாட்டில் அதை மீனே கொடுக்கிறது, வலியாகவும் சில சமயம் உயிராகவும். அதிபத்தர் கதையில் அவரும் அவர் வீடும் கொடுக்கிறார்கள். அப்படியானால் புரட்டாசியில்?

ஒரு மாத விரதம்

புரட்டாசியில் மீன் சாப்பிடாமல் இருப்பவர் எந்த மீனையும் காப்பாற்றவில்லை என்று சொன்னால் கோபம் வரும் என்று தெரியும். ஆனாலும் கரையில் நின்று பார்த்தால் தெரிவது அதுதான். வாங்க ஆள் இல்லை என்பதற்காகப் படகு நிற்பதில்லை. வட்டி நிற்காது, ஸ்கூல் ஃபீஸ் நிற்காது, அதனால் கடலுக்குப் போவதும் நிற்காது. விலை இறங்குகிறது, அவ்வளவுதான். நூறு ரூபாய்க்குப் போன கூறு அறுபதுக்குப் போனால், அதே காசுக்கு இன்னும் அதிக மீன் பிடித்தாக வேண்டும். 2024 ஆகஸ்டில் திறந்த புது மீன் அங்காடியில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். புரட்டாசியில் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் முன்னால் கிடக்கிற மீனை எல்லாம் யாரோ விட்டுக்கொடுத்த மீன் என்றுதான் சொல்ல வேண்டும். அவை செத்துத்தான் கிடக்கின்றன. ஐஸ் மட்டும் உருகிக்கொண்டிருக்கிறது.

இதற்கு வள்ளுவர் வழியில் ஒரு பதில் உண்டு. தின்பவர் இல்லாவிட்டால் விற்பவரும் இருக்கமாட்டார் என்ற பொருளில் புலால் மறுத்தலில் அவர் சொல்கிறார். வாதம் சரியானது, அதில் ஓட்டை இல்லை. ஆனால் அது வாழ்நாள் முழுக்க மறுப்பவருக்குப் பொருந்தும். ஒரு மாதம் நிறுத்திவிட்டு ஐப்பசி முதல் ஞாயிறன்று இரண்டு கிலோ சேர்த்து வாங்குகிறவருக்கு அது பொருந்தாது. ஒரு மாதத்துத் தேவை குறையவில்லை, தள்ளிப்போடப்பட்டிருக்கிறது.

இப்போது இன்னொரு விளக்கமும் சுற்றுகிறது. புரட்டாசிதான் மீன் சினை வைக்கிற மாதம், அதற்காகத்தான் முன்னோர் விரதம் வைத்தார்கள், எல்லாம் அறிவியல் என்று ஒவ்வொரு வருஷமும் வாட்ஸ்அப்பில் வரும். எல்லா மீனும் ஒரே மாதத்தில் சினை வைப்பதில்லை. நெத்திலிக்கு ஒரு காலம், வஞ்சிரத்துக்கு ஒரு காலம், நண்டுக்கு வேறு. அரசாங்கம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளை நிறுத்துவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்தக் கணக்கு மீனைப் பார்த்துப் போட்டது என்றால் புரட்டாசிக் கணக்கு வேறு எதையோ பார்த்துப் போட்டது. அந்த வேறு எதுவோ பக்திதான். பக்தி என்றே சொல்லிவிட்டால் எனக்கு அதில் ஒரு சண்டையும் இல்லை. யாரும் எங்க அம்மாவிடம் மீன் வாங்கியே தீர வேண்டும் என்ற கடன் கிடையாது. தன் மனசு சுத்தமாக இருக்க ஒருவர் ஒரு மாதம் ஒன்றை விடுவது நல்ல விஷயம்தான். அதை மீன்மேல் காட்டிய இரக்கம் என்ற தலைப்பில் எழுதிக்கொள்ள வேண்டாம் என்பது மட்டும்தான் நான் சொல்வது. புரட்டாசி நம் நாட்காட்டி, மீனுக்கு அது தெரியாது.

சினை

மீனின் நாட்காட்டி தெரிந்தவர் யார்? தின்னாதவருக்கு அது தேவைப்படவில்லை. தின்பவருக்கும் தேவைப்படவில்லை, கடையில் நின்று "சினை இருக்கா, சினையா பாத்துக் குடும்மா" என்று ஆசையாகக் கேட்கிறோம், கிடைத்தால் கூடுதல் காசும் தருகிறோம். எந்த மாதம் எந்த மீன் சினையோடு வரும், எங்கே கூடும், எந்தத் தண்ணீரில் குஞ்சு பெருகும் என்பது பிடிக்கிறவனுக்குத்தான் தெரியும். ஆற்றில் வெப்பமானி வைத்திருப்பவனுக்கும் கடலில் தண்ணீரின் நிறம் பார்ப்பவனுக்கும் தெரியும். பிடிக்கப் பயன்படுகிற அறிவும் விடப் பயன்படுகிற அறிவும் ஒன்றேதான். தண்ணீர் எப்போது தெளியும், மீன் எப்போது களைக்கும், எப்போது கூடும் என்று தெரிந்தவன் அந்த நாளில் அதிகம் பிடிக்கவும் செய்யலாம், அந்த நாளில் நிறுத்தவும் செய்யலாம்.

மாமா நண்டு வலை எடுக்கும்போது நான் கூட இருந்திருக்கிறேன். வயிற்றுக்கு வெளியே பஞ்சு மாதிரி முட்டையைச் சுமந்துகொண்டு ஒரு நண்டு வந்தால், வலையிலிருந்து பிரித்து, காலை ஒடிக்காமல், படகுக்கு வெளியே போடுவார். சாமி பேர் சொல்வதில்லை, போட்டோ எடுப்பதில்லை. முகத்தில் ஒரு பாவமும் இருக்காது. ஒரு நண்டுக் காசு அவர் கையிலிருந்து போகிறது. ஏணியின் தரையில் நிற்கிறார் என்று நாம் எண்ணியவர் செய்வது இது. மீனின் நிலைமையைப் பார்த்து, தன் செலவில், யாரும் பார்க்காத இடத்தில்.

அவரைப் புனிதராக்கி இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் நான் இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். வலை நாலு நாள் வெறுமையாக வந்த பிறகு, எண்ணெய்க் கடன் ஏறியபின், அதே மாமா அதே மாதிரி நண்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்துக் கூடையில் போட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதிபத்தர் வீட்டு அம்மாவை நான் நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு மாமா நண்டை விட்டிருந்தால் விலை கொடுத்திருக்கப் போவது அத்தையும் அவர் பிள்ளைகளும்.

தனி ஒருவரின் கருணை இந்த இடத்தில்தான் முட்டி நிற்கிறது. அறிவு இருக்கிறது, மனசும் இருக்கிறது, ஆனால் விலை கொடுக்க வழி இல்லை. பொழுதுபோக்கென்று ஆற்றுக்குப் போகிறவர் தண்ணீர் சூடானால் வீட்டுக்குப் போகலாம், வீட்டில் சாப்பாடு இருக்கிறது. தண்ணீரை நம்பி அடுப்பெரிக்கிறவர் அப்படித் திரும்ப முடியாது. மீன்பிடி தடைக்காலம் என்ற ஏற்பாட்டை நான் மதிப்பது இதனால்தான். அது குறைபாடுகள் உள்ள ஏற்பாடு. எல்லா மீனின் சினைக்காலமும் அந்த 61 நாளுக்குள் வருவதில்லை, வீட்டுக்கு வரும் நிவாரணம் ரெண்டு மாசச் செலவுக்குக் காணாது. 2023-ல் அதை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதாக அரசு அறிவித்தது. ஆனாலும் அதில் ஒரு நல்ல எண்ணம் ஒளிந்திருக்கிறது. மீனை விடுவது நல்லது என்றால், அந்தச் செலவில் ஒரு பங்கை எல்லோரும் போடுவோம் என்பது அந்த எண்ணம். மயிலாப்பூரில் புரட்டாசி விரதம் இருப்பவரின் வரிப்பணமும் அதில் இருக்கிறது. ஒருவேளை அந்தப் பணம்தான், அவருக்கே தெரியாமல், அவர் உண்மையில் விட்ட மீன்.

இவ்வளவு யோசித்த பிறகு என்னிடம் இருப்பது மூன்று கேள்விகள்தான். ஒருவர் கருணை என்று எதைச் சொன்னாலும், அதை இவற்றால் உரசிப் பார்க்கிறேன். அந்த உயிர் இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா? அதிகம் கிடைக்கிற நாளில் நிறுத்த முடிகிறதா? விட்டதன் விலை யார் வீட்டில் இறங்குகிறது? தூண்டில்காரர் முதல் இரண்டில் சில நாள் தேறுகிறார். அதிபத்தர் இரண்டாவதில் யாரும் தொட முடியாத உயரத்தில் நிற்கிறார், மூன்றாவதில் எனக்குக் கொஞ்சம் சங்கடம் தருகிறார். புரட்டாசிக்காரருக்கு மூன்றும் இன்னும் கேட்கப்படவே இல்லை.

கேட்கத் தொடங்குவது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஐப்பசியில் மறுபடி மீன் வாங்க வருகிறீர்கள் அல்லவா, அப்போது சினை இருக்கா என்று கேட்காமல், இப்ப எது சினையில்லாம வருது என்று கேட்டுப் பாருங்கள். எங்க அம்மா ஒரு நிமிஷம் உங்களை ஏற இறங்கப் பார்ப்பாள். அப்புறம் சொல்லுவாள், அவளுக்குத் தெரியும். சினை நண்டுக்குக் கூடுதல் காசு தர யாரும் இல்லை என்றால், நாலு நாள் வலை வெறுமையாக வந்தபிறகும், மாமா அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிற நேரம் கொஞ்சம் குறையும்.